இறக்கை உள்ள நடுகல்

வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பழைய சாமான்காரரிடம் போடுவது என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் நாம்தான். அடி ஓட்டையான அண்டா போய்விடும். ஆனால் மாமியாரின் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு, வயிறு ஒடுங்கிப் போயிருந்தாலும், போகாது. அதில் தண்ணீர் மொள்வதும் இல்லை, பால் காய்ச்சுவதும் இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால், புளி போட்டுத் தேய்த்து மறுபடி பரணில் ஏற்றுகிறோம். ஏன் என்று குழந்தைகள் கேட்டால், "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

ஒரு தேசமும் இப்படிச் சில பழைய சாமான்களை வைத்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்று, பறந்து ஓய்ந்த போர் விமானங்கள். சமையல் குறிப்புக்கும் குழந்தை வளர்ப்புக்கும் நடுவில் போர் விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. அது எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி, சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்ததை டி.வி.யில் காட்டினார்கள். 1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்தது. 62 வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது. கடைசியாகப் பறந்து தரையிறங்கிய விமானங்களின் மேல் இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மரியாதை செய்தார்கள். ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்தாள். அன்றைக்கு ஓட்டியவர்களில் பிரியா சர்மா என்ற பெண் அதிகாரியும் ஒருவர். அவ்வளவுதான், இவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ப்ளஸ் டூ முடிச்சதும் நான் என்.டி.ஏ. பரீட்சை எழுதப் போறேன். ஏர்ஃபோர்ஸ்தான்."

"பொட்டப் புள்ளைக்கு ஏரோப்ளேன் எதுக்குடி? அதான் உங்கப்பன் டீச்சருக்குப் படிக்க வெக்கறேன்னு சொல்றானே" என்றார் என் அத்தை. எழுபத்து நாலு வயசு. அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"ஆயா, இப்பப் பொண்ணுங்களையும் சேர்த்துக்கறாங்க" என்றாள் இவள்.

அவள் சொன்னது உண்மைதான். 2016-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்று மூன்று பெண்கள் முதல்முறையாகப் போர் விமானப் பிரிவில் அதிகாரிகள் ஆனார்கள். 2018 பிப்ரவரியில் அவனி தனி ஆளாக ஓட்டியது இதே மிக்-21 வகைதான். 2021-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமியின் கதவும் பெண்களுக்குத் திறந்தது. 2025 மே மாதம் 17 பெண்கள் முதல் அணியாகப் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

என் வயிற்றில் புளி கரைத்தது வேறு ஒரு கணக்கு. 1971-லிருந்து 2012 வரை மிக் ரக விமானங்கள் 482 விபத்துகளில் போயின, 171 விமானிகள் உயிரிழந்தார்கள் என்று 2012-இல் ராஜ்ய சபாவிலேயே பாதுகாப்பு அமைச்சர் சொல்லியிருக்கிறார். அந்த 171 பேரையும் ஒவ்வொரு தாய் பெற்றிருக்கிறாள். 2001-இல் மகனைப் பறிகொடுத்த கவிதா காட்கில் என்ற தாய், விபத்துக்கு அவன் செய்த தவறுதான் காரணம் என்று சொன்னதை ஏற்காமல் வருஷக்கணக்கில் போராடியதை அந்த நாளில் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்த பிறகு எந்தத் தாயால் "போய் வா கண்ணு" என்று சுலபமாகச் சொல்ல முடியும்?

எங்க வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். "ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு முன்னாடி, அந்த விமானத்தை ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றார். தர்மபுரிக்காரர்களுக்கு பெங்களூர் என்ன தூரம்? எத்தனை பேர் வேலைக்கே போய் வருகிறார்கள்! அரைப்பரீட்சை லீவில், புளிச்சோறும் நிப்பட்டும் கட்டிக்கொண்டு, ஓசூர் வழியாகப் போகும் ரயிலில் நாலு பேருமாகக் கிளம்பினோம். அத்தை, "நானும் வரேன், என்ன இருக்குதுன்னு பாக்கறேன்" என்று முதல் ஆளாகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

பழசுக்கு உயிர் கொடுத்த ஊர்

பெங்களூர் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகம் 2001-இல் தொடங்கியது. உள்ளே 1940-களிலிருந்து வரிசையாகப் புகைப்படங்கள், பெரிய பெரிய எஞ்சின்கள். வெளியே மரநிழலில் நிஜ விமானங்கள். குழந்தைகள் ஓடியாட இடம் இருக்கிறது.

1940 டிசம்பரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் உதவியோடு இந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்துப்போனது போர் முடிந்த பிறகு நடந்த கதை. கேளுங்கள், நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

போரின்போது அமெரிக்காவில் தயாரான 'லிபரேட்டர்' என்ற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை நேச நாட்டுப் படைகள் இந்தியாவுக்குக் கொண்டு வந்திருந்தன. போர் முடிந்ததும் அவற்றைக் கான்பூரில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா போடவில்லை. வேறு யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று எஞ்சினுக்குள் மணலைக் கொட்டி, உடம்பில் ஓட்டை போட்டு நாசமாக்கிவிட்டுத்தான் போனார்கள். சுதந்திரம் வந்த புதிதில் நமக்கு குண்டுவீச்சு விமானம் தேவை. வாங்கக் காசு இல்லை. ஹெச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போய், அந்தக் குப்பையில் தேறுவதைப் பொறுக்கி, இதன் சக்கரத்தை அதற்கும் அதன் எஞ்சினை இதற்குமாக மாட்டி, பெங்களூர் வரை பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அப்படி ஒட்டுப்போட்ட 42 விமானங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பெங்களூரில் முழுசாகப் பழுது பார்த்து, 1948 நவம்பரில் முதல் விமானங்கள் படையில் சேர்ந்தன. 1968 வரை, இருபது வருஷம், அவை ஓடின!

அப்புறம்தான் வேடிக்கை. லிபரேட்டர் விமானங்களை 18,000-க்கு மேல் செய்து குவித்த அமெரிக்காவிலேயே, போர் முடிந்ததும் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். பின்னால், அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்று வேண்டுமே என்று தேடியபோது எங்கே கிடைத்தது தெரியுமா? இந்தியாவில்! இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா மூன்று நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் இங்கிருந்துதான் லிபரேட்டர்கள் போயின. டில்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது. தேய்ந்த சட்டிக்கு ஈயம் பூசிப் பூசி உழைப்பை வாங்கிய வீட்டில்தான் கடைசியில் பாட்டன் காலத்துப் பாத்திரம் மிஞ்சும் என்பது சரிதானே!

மாருத்தின் முன்னால்

வெளியே 'மாருத்' நிற்கிறது. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த முதல் ஜெட் போர் விமானம். குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் தலைமையில் வடிவமைத்து, 1961 ஜூன் 17-ஆம் தேதி பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 147 செய்தார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த உடம்புக்கேற்ற வலுவான எஞ்சின் கடைசி வரை கிடைக்கவே இல்லை. கல்யாண அண்டாவைக் கரி அடுப்பில் ஏற்றினாற்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படியும் 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் நன்றாகவே உழைத்தது.

முதல் நாள் அதை ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். பெங்களூரில் பழைய விமான நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் 'சுரஞ்சன் தாஸ் ரோடு' என்று கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இவருடையதுதான். 1970 ஜனவரி 10-ஆம் தேதி, இதே மாருத்தைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தபோது விபத்தில் இறந்தார். புது விமானம் ஒன்று நம் பிள்ளைகள் கைக்கு வருவதற்கு முன்னால், அதில் என்ன கோளாறு என்று தன் உடம்பை வைத்துப் பார்க்கிற வேலை அவருடையது.

இதை என் மகள் அவளுடைய ஆயாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்தார். மிக்-21 முன்னால் வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார்!

"என்ன அத்தை, இது கோயில் இல்லையே" என்றேன்.

"உனக்குத் தெரியாது கண்ணு. எங்க ஊரு வேடியப்பன் மட்டும் என்னவாம்? அவரும் சண்டையில செத்தவருதானே" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மற்ற ஜில்லாக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிறைய உண்டு. கையில் வில்லோ வாளோ பிடித்த வீரன் ஒருவன் கல்லில் நிற்பான். ஊர் மாடுகளை எதிரி ஓட்டிக்கொண்டு போகும்போது அவற்றை மீட்கப் போய் உயிர்விட்டவன். எந்த அரசன் காலம், எந்த வருஷம், இவன் யார் மகன், எதற்காகச் செத்தான் என்று பழைய வட்டெழுத்தில் செதுக்கியிருப்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கற்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த எழுத்து நமக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது. ஆனாலும் பல ஊர்களில் வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில், எஜமானன் செத்த பிறகும் திருடர்களைக் கடித்து விரட்டிய ஒரு நாய்க்குக்கூடக் கல் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது!

அத்தை மிக்-21-ஐச் சுற்றி வந்தார். பிறகு பேத்தியிடம் கேட்டார்: "இதை ஓட்டினது யாரு? பேரு என்ன?"

இவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஊர் ஊராக நாற்சந்தியிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிறுத்தியிருக்கும் பழைய விமானங்களின் பலகையைப் படித்துப் பாருங்கள். நீளம் இத்தனை, எடை இத்தனை, வேகம் இத்தனை என்று இருக்கும். ஓட்டியவன் பெயரைக் காண்பது அபூர்வம். நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய நாட்டில் இப்படி இருக்கலாமா என்று அத்தை கேட்கவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். டில்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

கொலைக் கருவியை எதற்குக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நடுகல்லை வைத்தவர்கள் வாளுக்குப் பொங்கல் வைக்கவில்லை. வாள் பிடித்த பிள்ளைக்கு வைத்தார்கள். விமானத்தையும் அப்படிப் பார்த்தால் அதில் தப்பில்லை என்று எனக்குப் படுகிறது.

அலுமினியமும் அரிக்கும்

பழைய விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் மட்டும் போதாது. பராமரிப்பு என்பது தினசரி வேலை, நம் வீட்டு வேலை மாதிரி. விமானத்தின் மேல்தகடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டால் காலையில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்குமே, அதைப் போல உப்புக் காற்றும் ஈரமும் தகட்டை அரித்துவிடும். அலுமினியத்தோடு இரும்பு ஆணி சேர்ந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் இன்னும் சீக்கிரம் போகும். தண்ணீர் வடிவதற்கான ஓட்டைகளைச் சருகும் குருவிக் கூடும் அடைத்துக்கொள்ளும். வெயிலில் விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற மூடி மங்கிப்போகும். ஒரே இடத்தில் நிற்பதால் டயர் சப்பையாகும். அதனால் அடியில் முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்க வேண்டும். காட்சிக்கு வைக்கும் முன் எரிபொருளை வடித்து, விமானியை ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் இருக்கையிலுள்ள வெடிமருந்தை அகற்றுவார்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுதல், துடைத்தல், வண்ணம் பூசுதல் என்று ஓயாத வேலை. கூரை போட்ட இடத்தில் வைத்தால் ஆயுசு கூடும்.

மனசு வைத்தால் பறக்கவே வைக்கலாம். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி காஷ்மீரைக் காக்க ஸ்ரீநகரில் சீக்கியப் படையை இறக்கியவை டகோட்டா விமானங்கள். எம்.கே. சந்திரசேகர் என்ற அதிகாரி டகோட்டா ஓட்டியவர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர், அயர்லாந்தில் பழைய இரும்பாகக் கிடந்த ஒரு டகோட்டாவை வாங்கி, இங்கிலாந்தில் பழுது பார்க்க வைத்து, விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். 2018-இல் அது பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. 'பரசுராமா' என்று பெயர். ஸ்ரீநகரில் இறங்கிய அந்த முதல் டகோட்டாவின் எண்ணான வி.பி. 905-ஐயே இதற்கும் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் தொழிலுக்கு மகன் செய்த மரியாதை!

நம் தமிழ்நாட்டு அரக்கோணத்தில் இருந்த கடற்படையின் டி.யு.-142 விமானங்கள் 29 வருஷம் கடலைக் காவல் காத்துவிட்டு 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அதில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாகவே நிற்கிறது. இறக்கை நுனிக்கு நுனி 50 மீட்டர். உள்ளேயே ஏறிப் பார்க்கலாம்.

இப்படி நிறுத்தி வைத்த விமானம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு அப்துல் கலாமே சாட்சி. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, பாடத்துக்காக அங்கே வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள்தான் தன்னை மிகவும் ஈர்த்தன என்று 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு

என் பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அந்த 171 என்ற எண் இன்னும் மனசில்தான் இருக்கிறது. ஆனால் பயம் என்னுடையது. அதை அவள் கால்கட்டாக்குவது நியாயமா என்று யோசிக்கிறேன். மிக்-21 போய்விட்டது, புது விமானங்கள் வருகின்றன என்று அவள் சமாதானம் சொல்கிறாள். புதுசோ பழசோ, ஆகாயம் ஆகாயம்தான் என்று எனக்குத் தெரியாதா? பரீட்சையை எழுதட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. விமானப்படைக்குப் போக ப்ளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். அது அவளிடம் இருக்கிறது.

உடம்புதான் தேற வேண்டும். டாக்டரிடம் காட்டியதில் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்றார். வயசுப் பெண்களில் நிறையப் பேருக்கு இருக்கிற குறைதான். அவர் கொடுத்த மாத்திரையோடு, வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, கொள்ளு, பேரீச்சம்பழம் என்று பழக்கியிருக்கிறேன். கீரைச் சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடிப்பதை நிறுத்தியாயிற்று. விடியற்காலை மைதானத்தில் ஓடுகிறாள். துணைக்கு எங்க வீட்டுக்காரரும் போகிறார். அவருக்குச் சர்க்கரை, அதற்கும் நல்லதாயிற்று.

களி கிண்டுவது அத்தை. "ஏரோப்ளேன் ஓட்டறவளுக்கு மணிக்கட்டுல தெம்பு வேணும், இன்னொரு உருண்டை வாங்கிக்க" என்று தட்டில் போடுகிறார். வாய் திறந்து சரி என்று இன்னும் சொல்லவில்லை. களி மட்டும் பெரிய உருண்டையாகத்தான் விழுகிறது.

நீங்களும் லீவு நாளில் குழந்தைகளை இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற தகடு சுடும்; குழந்தைகளைத் தொட விடாதீர்கள். இறக்கையில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கச் சொல்லி நாமே பழக்கிவிடக் கூடாது. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். விமானம் எவ்வளவு வேகம் போகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பலகையிலேயே பதில் இருக்கும். அத்தை கேட்ட மாதிரி, ஓட்டினது யாரு என்று கேட்டால் சொல்வதற்கு, சுரஞ்சன் தாஸ் போல இரண்டொரு பெயரையாவது நாம் தெரிந்துகொண்டு போவோம்.